சுகருக்கு ஆகுமா? உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு மளிகைக் கடைக்காரனின் திறந்த மடல்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் தலைவருக்கும், தலைமைச் செயல் அலுவலருக்கும், உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் கோவில்பட்டியில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. கல்லாவுக்கு மேலே, லட்சுமி படத்துக்குப் பக்கத்தில், உங்கள் ஆணையத்தின் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அதிலுள்ள 14 இலக்க எண் எனக்கு மனப்பாடம். தவறாமல் புதுப்பித்தும் வருகிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

கடையில் நாள் முழுக்கக் கேட்கிற கேள்வி "எவ்வளவு?" என்பது. அதற்கு அடுத்தபடியாகக் கேட்கிற கேள்வி, "அண்ணாச்சி, இது சுகருக்கு ஆகுமா?"

டெல்லியில் இருக்கும் உங்களுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் தமிழ் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. எங்கள் பக்கம் டீயில் போடுவது சீனி. 'சுகர்' என்றால் அது வியாதியின் பெயர். "அவருக்கு சுகர்", "சுகர் கூடிருச்சு", "சுகர் மாத்திரை போட்டாச்சா" என்றுதான் பேசுகிறோம். ஆகவே ஒரு பிஸ்கட் பொட்டலத்தின் முன்பக்கத்தில் 'சுகர் ஃப்ரீ' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால், அதை எங்கள் ஊர்க்காரர்கள் 'இதில் சீனி அரை கிராமுக்கு மேல் இல்லை' என்று படிப்பதில்லை. 'சுகர்காரங்களுக்கான பிஸ்கட்' என்று படிக்கிறார்கள். சொல்லப்போனால் மருந்து மாதிரி வாங்குகிறார்கள். ஒருவர் மட்டும், "சீனி ஃப்ரீயா குடுக்கானா?" என்று கேட்டுப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் ஒருவர்தான் ஏமாறவில்லை என்று நினைக்கிறேன்.

என் கடைக்கு வரும் ஒரு ஆச்சியைப் பற்றிச் சொல்கிறேன். முப்பது வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர். ஒன்பது வருஷமாகச் சுகர். சீனி போட்ட டீயை விட்டுவிட்டார், பொங்கலன்றுகூட சர்க்கரைப் பொங்கலை வாயில் வைக்கமாட்டார், அவ்வளவு கட்டுப்பாடு. அந்த டீக்குத் துணையாக ஒரு பச்சை நிறப் பொட்டலம் வாங்குவார். ஆங்கிலம் தெரியாது, பச்சை நிறம் தெரியும். காலையில் மூன்று, சாயங்காலம் மூன்று.

போன மாசி மாதம் ஒரு நாள் வந்தார். ஒரு கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டு, இன்னொரு கையில் பாதி தின்ற பொட்டலம். இரண்டையும் தராசுத் தட்டிலேயே வைத்தார். மூன்று மாதச் சராசரிச் சுகர் 7.4 இருந்தது 8.9 ஆகியிருந்தது. டாக்டர் வைதிருக்கிறார்.

"அண்ணாச்சி, நீங்க குடுத்த பிஸ்கட்டுல சீனி கலந்திருக்கானான்னு பாத்துச் சொல்லுங்க."

"சீனி இல்லன்னுதானே ஆச்சி போட்டிருக்கான்."

"அப்ப என் ஒடம்புல எங்கயிருந்து வந்துச்சு?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்பக்கத்தைத் திருப்பினேன். கரும்பச்சையில் வெள்ளிநிற எழுத்து, வெளிச்சத்தில் காட்டினால் மினுங்குகிறதே தவிரத் தெரியவில்லை. கடைசியில் செல்போனில் படம் பிடித்து, விரலால் பெரிதாக்கிப் படித்தேன். மொத்தச் சர்க்கரை 100 கிராமுக்கு 0.4 கிராம். சேர்த்த சர்க்கரை பூஜ்யம். எல்லாம் சரிதான் என்று நினைக்கும்போது அதற்கு மேல் வரி கண்ணில் பட்டது: கார்போஹைட்ரேட், நம் பேச்சில் மாவுச்சத்து, 68 கிராம். சேர்மானப் பட்டியலில் முதலில் மைதா, அடுத்து மால்டிடால், அடுத்து பாமாயில்.

ஒரு பிஸ்கட்டைத் தராசில் போட்டேன். எட்டு கிராம். ஒரு பிஸ்கட்டில் ஐந்தரை கிராம் என்றால் ஆறு பிஸ்கட்டில் 33 கிராம் மாவுச்சத்து. ஏறக்குறைய மூன்று இட்லி. டாக்டர் காலையில் மூன்று இட்லிதான் என்று அளந்து சொல்லியிருக்கிறார். ஆச்சி அந்த மூன்றைத் தின்றுவிட்டு, யாருக்கும் தெரியாத இன்னொரு மூன்றை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். சீனி இல்லாத டீயில்.

பிஸ்கட் ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. நடுவில் பேரன் கல்யாணம் வந்துபோனது, மாத்திரையும் ஒழுங்காகப் போட்டாரா என்று தெரியாது. ஆனால் அந்தப் பொட்டலத்தை அவர் ஒரு காவல் மாதிரி நம்பினார். காவலே மைதாவாக இருந்தது.

இனிதான் உங்களிடம் கேட்க வேண்டியது வருகிறது. அந்தப் பொட்டலம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. உங்கள் 2018ஆம் ஆண்டு விளம்பர, உரிமைகோரல் விதிகளின்படி 100 கிராமிலோ 100 மில்லியிலோ சர்க்கரை 0.5 கிராமைத் தாண்டாவிட்டால் 'சுகர் ஃப்ரீ' என்று போடலாம். திடப்பொருளில் 5 கிராமுக்குள், பானத்தில் 2.5 கிராமுக்குள் இருந்தால் 'லோ சுகர்'. அந்தக் கம்பெனி 0.4இல் நிற்கிறது. சட்டப்படி பொட்டலம் சுத்தம். வாங்கியவர்தான் கெட்டுப்போனார்.

விஷயம் 'சர்க்கரை' என்ற சொல்லை விதி எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதில் இருக்கிறது. வேதியியல்படி ஒற்றைச் சர்க்கரையும் இரட்டைச் சர்க்கரையும் மட்டும்தான் கணக்கு. குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், சீனி, பாலில் உள்ள லாக்டோஸ், இந்த வகை. மைதாவில் உள்ள ஸ்டார்ச் என்பது அதே குளுக்கோஸைக் கண்ணி கண்ணியாகக் கோத்த நீளமான சங்கிலி. சங்கிலியாக இருக்கிறவரை அது சர்க்கரை ஆகாது. வாயிலும் குடலிலும் கண்ணிகள் கழன்ற பிறகு அது குளுக்கோஸ். உடம்புக்கு அட்டவணை படிக்கத் தெரியாதே. மால்டோடெக்ஸ்ட்ரின் என்று ஒன்று பொடிகளிலும் பானக் கலவைகளிலும் நிறைய வருகிறது. ஸ்டார்ச்சைப் பாதி உடைத்துச் செய்வது. அது ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகிற வேகம் சீனியைவிட அதிகம். இருந்தும் சர்க்கரை என்ற வரியில் பெரும்பாலும் கணக்குக்கு வராது, சுவையில் இனிப்பும் காட்டாது. திருடனுக்கு இதைவிட நல்ல வேஷம் கிடைக்குமா?

மால்டிடால் வேறு ரகம். சர்க்கரை ஆல்கஹால் வகை. சீனியைவிட மெதுவாக, குறைவாக ஏற்றும் என்பது உண்மைதான். சுத்தமாக ஏற்றாது என்பது உண்மையில்லை. கிராமுக்கு இரண்டு கலோரிக்கு மேல் அதிலும் உண்டு. பொட்டலத்தில் அதன் பெயர்கூட இல்லாமல் சில சமயம் 965 என்று எண் மட்டும் இருக்கும். சீனிக்குப் பதிலாக இனிப்புக்குச் சேர்க்கும் மற்றவையும் அப்படித்தான்: அஸ்பார்டேம் 951, சுக்ரலோஸ் 955, ஸ்டீவியா 960. பஸ் நம்பர் மாதிரி. பாலியால் (சர்க்கரை ஆல்கஹாலுக்கு இன்னொரு பெயர்) வயிற்றை இளக்கலாம் என்று ஓர் எச்சரிக்கையும் ஆங்கிலத்தில் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆச்சிக்கு இரண்டு மாதமாக வயிறு கடமுடா என்றிருந்ததற்குக் காரணம் அன்றைக்குத்தான் விளங்கியது. அதற்காக என்னிடமே ஓமவாட்டர் வேறு வாங்கிக் குடித்திருக்கிறார்.

இதெல்லாம் ஒரு கடைக்காரன் கண்டுபிடித்த புதையல் கிடையாது. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், சுகர் ஃப்ரீ என்று வரும் உணவுகளில் கொழுப்பும் வெள்ளை மாவும் நிறைந்திருக்கலாம், மறைவான சர்க்கரைகூட இருக்கலாம் என்று எச்சரித்தது. அது அரசு நிறுவனம். நீங்களும் அரசு. ஒரு கை எச்சரிக்கிறது, இன்னொரு கை அனுமதிக்கிறது.

அடுத்து ஜூஸ். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகளைக் கூட்டிவரும் அம்மாக்கள் கலர் பாட்டிலை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று போட்ட டெட்ரா பொட்டலத்தை எடுத்துக் கொடுப்பார்கள். நல்ல எண்ணம்தான். 200 மில்லி. 100 மில்லிக்குச் சர்க்கரை 12 கிராம் என்றால் ஒரு பொட்டலத்தில் 24 கிராம், அதாவது கிட்டத்தட்ட ஐந்து டீஸ்பூன். 'சேர்த்த சர்க்கரை' என்ற வரியில் பூஜ்யம். ஏனென்றால் அது பழத்தோடு வந்தது. இயற்கையான சர்க்கரை உள்ளது என்று ஒரு வரி போட வேண்டும் என்று நீங்கள் விதி வைத்திருக்கிறீர்கள், அதையும் போட்டிருக்கிறார்கள். ஆனால் 'இயற்கை' என்ற சொல்லைப் பார்த்து எந்த அம்மா பயப்படுவாள்? அது எச்சரிக்கையா, இன்னொரு விளம்பரமா?

உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன கணக்கு வேறு. சக்கையை நீக்கிச் சாறாக எடுத்துவிட்டால் அந்தச் சர்க்கரையும், தேனில் இருப்பதும், சிரப்பில் இருப்பதும் அவர்கள் பார்வையில் சீனியோடு ஒரே வரிசை. ஒரு நாள் கலோரியில் பத்து சதவீதத்துக்குள் இது இருக்க வேண்டும், ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்றார்கள். 2000 கலோரி சாப்பிடும் பெரிய ஆளுக்கு அந்த ஐந்து சதவீதம் 25 கிராம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு ஸ்ட்ராவில் அதை முடித்துவிடுகிறது. உங்கள் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகளோ நாளொன்றுக்குச் சேர்த்த சர்க்கரை 50 கிராம் என்று வைத்துக்கொண்டு சதவீதம் போடச் சொல்கின்றன. அதே 24 கிராமைச் சீனியாகவே கலந்த பானத்தில் 48 சதவீதம் என்று வரும், பாதி நாள் மிச்சம் இருக்கிறது என்று தோன்றும். பழச்சாற்றில் வந்தால் 0 என்று வரும். பிள்ளையின் கல்லீரலுக்கு இந்த வித்தியாசம் தெரியுமா என்று யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.

வெல்லத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் இதைப் பேசுவதற்குத் துணிச்சல் வேண்டும். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு (ஆங்கிலத்தில் ஜி.ஐ.) கிடைத்தது, அதில் எனக்கும் பெருமைதான், என் கடையில் தினமும் போகும் சரக்கு அது. நல்ல கடலை, நல்ல வெல்லம், அவ்வளவுதான் சேர்மானம். யாரும் அதைச் சுகர் ஃப்ரீ என்று விற்றதில்லை. ஆனால் இப்போது வெளியூர்களிலிருந்து அழகான அட்டைப் பெட்டிகளில் லட்டும் குக்கீஸும் சத்துமாவும் வருகின்றன. 'வெள்ளைச் சர்க்கரை இல்லை', 'நாட்டுச்சர்க்கரையில் செய்தது', 'பனங்கருப்பட்டி மட்டுமே'. சில பெட்டிகளில் 'லோ ஜி.ஐ.', அதாவது ரத்தத்தில் சர்க்கரையை மெதுவாக ஏற்றும், என்றுகூட இருக்கிறது. எங்கள் மிட்டாய்க்குக் கிடைத்த ஜி.ஐ.யும் இதுவும் ஒன்றுதான் என்று நம்பி வாங்கிப்போனவர்களை எனக்குத் தெரியும்.

வெல்லத்தில் முக்கால் பங்குக்கு மேல் சர்க்கரைதான். கருப்பட்டியும் அப்படியொன்றும் தூரத்துச் சொந்தமில்லை. கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் தாது, நல்ல மணம் எல்லாம் உண்டு, மறுக்கவில்லை. காலையில் கருப்பட்டிக் காப்பி குடிக்காவிட்டால் எனக்கே கண் திறக்காது. அதற்காக அதைச் சுகர் உள்ளவருக்குப் பரிந்துரைக்க முடியுமா? 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று போட வேண்டுமானால் எந்த வகைச் சர்க்கரையும் சேர்க்கக்கூடாது, சர்க்கரைக்குப் பதிலாகச் செறிவூட்டிய பழச்சாறோ உலர்பழக் கூழோ சேர்க்கக்கூடாது என்று உங்கள் விதி தெளிவாகச் சொல்கிறது. நல்ல விதி. அதனால்தான் கெட்டிக்காரர்கள் அந்த வாசகத்தைத் தொடுவதில்லை. 'வெள்ளைச் சர்க்கரை இல்லை' என்று ஒரு சொல்லைக் கூட்டிக்கொண்டு, உங்கள் அட்டவணையில் இல்லாத சந்துவழியாகப் போய்விடுகிறார்கள். அந்தச் சந்துவழியை அடைக்க ஒரு வரி போதும்.

சேர்மானப் பட்டியலில் இன்னொரு கைவேலை உண்டு. எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. சீனியை ஒரே பெயரில் போட்டால் முதலிடத்துக்கு வந்துவிடும். ஆகவே கொஞ்சம் சீனி, கொஞ்சம் திரவ குளுக்கோஸ், கொஞ்சம் இன்வெர்ட் சிரப், கொஞ்சம் மால்ட் சாறு, கடைசியில் ஒரு துளி தேன். ஒவ்வொன்றும் நாலாவது, ஆறாவது, ஒன்பதாவது இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். முதலிடத்தில் ஓட்ஸ் சிரித்துக்கொண்டிருக்கும். பங்கு பிரித்த வீட்டில் பணக்காரர் யாரும் கிடையாது என்கிற மாதிரி.

"படித்தவர்கள் பின்பக்கம் பார்த்துக்கொள்ளட்டும்" என்று ஒரு கம்பெனி ஆள் என்னிடம் சொன்னார். சரக்கு எடுக்கச் சொல்லி வாராவாரம் வருபவர், நல்ல பையன்தான். நான் அவரையே பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் முயன்று பார்த்துவிட்டு, "வெளிச்சம் பத்தல அண்ணாச்சி" என்றார். வெயில் நேரம், மதியம் இரண்டு மணி.

உங்களால் முடியாது என்று நினைத்திருந்தால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். ஒரு சொல்லைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தால் நீங்கள் காப்பாற்றியிருக்கிறீர்கள். 2024 ஏப்ரலில், 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே சட்டத்தில் கிடையாது, மால்ட் பானங்களை அந்தத் தலைப்பில் விற்காதீர்கள் என்று இணையக் கடைகளுக்குச் சொன்னீர்கள். அதே ஆண்டு ஜூனில், கெட்டியாக்கிய பழச்சாற்றைத் தண்ணீரில் கரைத்துச் செய்த ஜூஸில் 'நூறு சதவீதப் பழச்சாறு' என்று போடாதீர்கள் என்றீர்கள்.

எல்லாவற்றையும்விட ஓ.ஆர்.எஸ். விவகாரம். வயிற்றுப்போக்கில் நீர் வற்றிய குழந்தைக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த அளவு, லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ். அந்த மூன்று எழுத்தைப் பெயரில் ஒட்டிக்கொண்டு வந்த இனிப்புப் பானங்களில் அதைப்போலப் பல மடங்கு சர்க்கரை. சர்க்கரை கூடினால் குடலுக்குள் தண்ணீர் இழுக்கப்பட்டு வயிற்றுப்போக்கு மோசமாகும். ஹைதராபாத் குழந்தைகள் மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருஷக்கணக்கில் கத்தினார். 2022இலும் 2024இலும், 'இது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஓ.ஆர்.எஸ். அல்ல' என்று ஒரு வரி போட்டால் போதும் என்று நீங்கள் கம்பெனிகளுக்கு வழிவிட்டீர்கள். 2025 அக்டோபரில் அந்த அனுமதியை ரத்து செய்து, பெயரிலேயே அந்தச் சொல் கூடாது என்றீர்கள்.

அந்தப் பானத்தை நானும் விற்றிருக்கிறேன். வாந்தியும் பேதியுமாகக் கிடக்கும் பிள்ளைக்கு என்று ஓடிவந்து கேட்ட தகப்பனுக்கு, மாம்பழச் சுவையில் ஒன்று, ஆப்பிள் சுவையில் ஒன்று என்று எடுத்துக் கொடுத்திருக்கிறேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். அந்த 'அல்ல' வரியை அவரும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை. சின்ன எழுத்தில் ஒரு மறுப்பைப் போட்டுவிட்டால் பெரிய எழுத்தில் உள்ள வாக்குறுதி செத்துப்போகாது என்று அந்த மூன்று வருஷத்தில் நீங்களே கண்டுகொண்டீர்கள். அதே பாடத்தை 'சுகர் ஃப்ரீ'க்கும் வைத்துப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். ஓ.ஆர்.எஸ். போலவே இதுவும் நோயாளி நம்பி எடுக்கும் சொல். அதிலும், இங்கே நோயாளிகள் கொஞ்சநஞ்சம் பேரா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து சென்னை மருத்துவர்கள் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேல் சுகர்காரர்கள் என்றது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். என் கடை வரிசையில் ஏழு பேர் நின்றால் ஒருவர்.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். மாவுப் பண்டத்தின் முகப்பில் 'சுகர் ஃப்ரீ' என்று போடுகிறவர், அதே அளவு எழுத்தில், அதே பக்கத்தில், மொத்தக் கார்போஹைட்ரேட் எவ்வளவு என்றும் போடட்டும். பச்சைப் பொட்டலத்தின் முகத்தில் 'சுகர் ஃப்ரீ' என்றும் அதன் கீழேயே '100 கிராமில் மாவுச்சத்து 68 கிராம்' என்றும் இருந்தால், நானே ஆச்சிக்குப் படித்துச் சொல்லியிருப்பேன். கம்பெனிக்கு அது பிடிக்காவிட்டால் இரண்டையும் எடுத்துவிடட்டும்.

ஜூஸுக்கும் பானத்துக்கும் டீஸ்பூன் கணக்கு வேண்டும். கிராம் என்பது எனக்குத் தராசு இருப்பதால் புரிகிறது. வீட்டில் இருப்பவர்களுக்கு ஸ்பூன்தான் புரியும். '100 மில்லிக்கு' என்று சொல்லாமல் 'இந்தப் பொட்டலத்தில் ஐந்து டீஸ்பூன்' என்று சொல்லட்டும். ஒரு வேளைக்கு இவ்வளவு என்று கம்பெனி தானாகவே ஓர் அளவை வைத்துக்கொள்கிறதே, அதையும் நம்பாதீர்கள். இரண்டு பிஸ்கட்டோடு நிறுத்திய மனுஷனை என் ஆயுளில் பார்த்ததில்லை.

வெளியே நடக்காத காரியமில்லை இது. இலங்கையில் 2016இலிருந்தே குளிர்பானப் பாட்டிலில் சர்க்கரை அளவைப் பொறுத்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் போடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் எழுதப் படிக்கத் தெரியாத ஓர் ஆச்சியும் சிவப்பைப் பார்த்தால் தெரிந்துகொள்வார். சிங்கப்பூரில் 2022 கடைசியிலிருந்து பானங்களுக்கு ஏ, பி, சி, டி என்று தரம். 100 மில்லியில் பத்து கிராமைத் தாண்டினால் டி, அதற்கு விளம்பரமும் கூடாது. அங்கே வேலை பார்க்கும் என் மச்சினன் மகன் ஒரு படம் அனுப்பியிருந்தான். கம்பெனிகளே சீனியைக் குறைத்து பி வாங்கப் பார்க்கிறார்களாம். சிலியில் சர்க்கரை கூடிய பொட்டலத்தில் கறுப்பு எண்கோண எச்சரிக்கை. இங்கே நீங்கள் 2022இல் நட்சத்திரத் தரம் என்று வரைவு கொண்டுவந்தீர்கள். அதில் சீனியால் போன நட்சத்திரத்தைக் கொஞ்சம் பருப்பையும் நாரையும் தூவித் திரும்ப வாங்கிவிடலாம். நட்சத்திரம் என்பது ஹோட்டலுக்குக் கொடுப்பது. 2024 ஜூலையில் சர்க்கரை, உப்பு, கொழுப்பைத் தடித்த எழுத்தில் போட ஒப்புதல் கொடுத்தீர்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் முகப்பு லேபிளுக்கு மூன்று மாதக் கெடு வைத்தது. என் அலமாரியில் நான் தினமும் தூசி தட்டுகிறேன், அதே பொடி எழுத்துதான் இருக்கிறது.

கடைசியாக மொழி. உங்கள் விதிப்படி லேபிளில் உள்ள கட்டாய விவரங்கள் ஆங்கிலத்தில் இருக்கலாம், அல்லது தேவநாகரி எழுத்தில் இந்தியில் இருக்கலாம். வேறு மொழியில் போடுவதற்குத் தடையில்லை, அவ்வளவுதான். தடையில்லை என்பதற்கும் வேண்டும் என்பதற்கும் உள்ள தூரத்தில்தான் எங்கள் ஆச்சி நிற்கிறார். என் கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் இருந்தே ஆக வேண்டும் என்று எங்கள் மாநிலச் சட்டம் சொல்கிறது, இல்லாவிட்டால் அபராதம். பலகையில் என் அப்பா பெயர் இருக்கிறது. அதைத் தமிழில் படித்து யாருக்கும் சுகர் குறையப்போவதில்லை. உள்ளே, அவர்கள் வாயில் போகும் பண்டத்தில், உடம்புக்கு வேண்டிய ஒரே ஒரு வரி தமிழில் இல்லை. விளம்பரம் மட்டும் சுத்தமான தமிழில் வருகிறது, அம்மா பாசம், பாட்டி கைமணம் எல்லாவற்றோடும். விற்கும்போது தமிழ் தெரிகிறது, கணக்குக் காட்டும்போது மறந்துவிடுகிறது. எந்த மாநிலத்தில் விற்கிறார்களோ அந்த மாநில மொழியில் சர்க்கரையும் மாவுச்சத்தும் மட்டுமாவது இருக்கட்டும். முழுப் பட்டியலும் கேட்கவில்லை. இரண்டு வரி.

எனக்கு இதில் நஷ்டமும் உண்டு, ஒளிக்கவில்லை. பச்சைப் பொட்டலத்தில் எனக்குக் கிடைக்கும் லாபம் சாதாரண பிஸ்கட்டைவிட இரண்டு மடங்கு. ஆச்சிக்கு அன்றைக்கு அதைக் கொடுக்கவில்லை. "அப்ப டீக்கு எதைத்தான் கடிக்க?" என்று கேட்டார். ஐம்பது கிராம் வறுத்த கடலையை மடித்துக் கொடுத்து, ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம் என்றேன். "இதுல ஒண்ணும் எழுதலையே" என்று பொட்டலத்தைப் புரட்டிப் பார்த்தார். பழைய செய்தித்தாளில் கட்டிய பொட்டலம் அது; அப்படிக் கட்டக்கூடாது என்று நீங்கள் ஏற்கெனவே சொல்லியிருக்கிறீர்கள், தெரியும், இனிமேல் வெள்ளைத் தாளில் கட்டுகிறேன்.

இந்த மடலுக்குப் பதில் போட நேரம் கிடைத்தால் தமிழில் போடச் சொல்லுங்கள். ஆச்சி வாரம் இரண்டு முறை வருகிறார், வாசித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
கோவில்பட்டியிலிருந்து ஒரு மளிகைக் கடைக்காரன்